சவரிமுத்துவின் வாயில் என் குரல்

நாடகத்தில் வசனம் எடுத்துக்கொடுப்பவன் ஒழுங்காக வேலை செய்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. பக்கத்திரைக்குப் பின்னே கொசுக்கடி பட்டுத் தொண்டை கெட்ட தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் அம்பத்தூரில் தமிழாசிரியன். விடுமுறை நாள்களில், தொழிற்பேட்டைத் தொழிலாளர்கள் நடத்திய நகைச்சுவை நாடகக் குழுவுக்குப் பிராம்டர்.

பனிமூட்டம்

1988ஆம் ஆண்டு சனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணியாகியும் பனி விலகவில்லை. ஒத்திகைக் கொட்டகையிலிருந்து பார்த்தால் எதிரிலிருந்த தேநீர்க்கடை தெரியவில்லை. அதன் வானொலி மட்டும் கேட்டது. எங்கள் நகைச்சுவை நடிகர் சவரிமுத்து, லேத்துப் பட்டறைத் தொழிலாளி, ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தார். டிசம்பர் மழையில் சைக்கிளோடு வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தது.

எங்கள் இருவருக்குள் ஒரு வழக்கம் உண்டு. கொச்சையான தொடரை என் நாக்கு சொல்லாது. ஆகவே, “இங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது?” என்று நான் மெல்லச் சொல்வேன். அவர் அதை வாங்கி, “இன்னா நடந்துகினு கீது இங்க?” என்று மேடையில் விடுவார். கூட்டம் சிரிக்கும். ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று இடங்களில்தான் இந்த உதவி தேவைப்படும். அன்று முதல் வரி தொடங்கிக் கடைசி வரிவரை தேவைப்பட்டது. ஒத்திகை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்துச் சென்று சொன்னார்: “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க வாத்யாரே. இந்த மேடையும் போச்சுன்னா நான் இல்ல. நீங்க நிறுத்திட்டா உள்ள ஒண்ணுமே இல்ல. தண்ணி நின்ன கொழா மாதிரி வெறுங்காத்துதான் வருது.”

மூன்று பொருள்

அடுத்த நாடகம் ஆவடியில், ஒரு மாதாகோவில் மண்டபத்தில். அங்கே ஸ்பெயின் தேசத்து முதிய பாதிரியார் ஒருவர் இருந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றவர். திரை விலகுமுன் அவரிடம், நகைச்சுவை நடிகருக்கு அவருடைய தாய்மொழியில் என்ன சொல் என்று கேட்டேன். “கோமிக்கோ” என்றார். சிரிப்புக்கிடமானது எதுவும் கோமிக்கோ, சிரிக்கவைப்பவரும் கோமிக்கோ, பழைய வழக்கில், அழுகிற வேடம் போட்டவரும் கோமிக்கோவே. ஆங்கிலத்தின் ‘காமிக்’ முதல் இரண்டு பொருளுக்கு ஒத்துவரும், மூன்றாவதற்கு வராது என்றும் விளக்கினார். மகிழ்ந்துபோய்க் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நாடகம் நன்றாகவே நடந்தது. நான் சொன்னேன், சவரிமுத்து சொன்னார், சனம் சிரித்தது. பாதிரியார் மட்டும் முன்வரிசையில் சவரிமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஐயா, மூன்று பொருளுக்கும் உள்ளே ஒரு மனிதர் வேண்டும். இவருடைய கண்களின் வழியாக யாரும் வெளியே பார்க்கவில்லை” என்றார். அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கொசுவர்த்தி

திருவேற்காட்டில், திருவிழா மேடை. பக்கத்திரைக்குப் பின்னே கொசுவர்த்திப் புகை என் தொண்டையில் ஏறி இருமிவிட்டேன். மேடையில் சவரிமுத்து அதே அளவு, அதே சுருதியில் இருமினார். திடுக்கிட்டு, விளக்குப் போடுபவரிடம், “இந்தக் கொசுவர்த்தியை அப்பால் வையுங்கள்” என்றேன். கதாநாயகியின் தகப்பனாரிடம் பெண் கேட்டுக்கொண்டிருந்த சவரிமுத்து, உருக்கமாக அவர் கையைப் பிடித்து, “இந்தக் கொசுவத்திய அப்பால வையி நைனா” என்றார். அப்படியொரு சிரிப்பை எங்கள் குழு அதுவரை கேட்டதில்லை.

நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவர் நின்றார். வாய் பாதி திறந்தபடி, கை நீட்டியபடி, கண்ணிமைக்காமல் நின்றார். கூட்டம் அதற்கும் சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் யாரோ ஒரு குழந்தை மட்டும் சிரித்தது; அதுவும் நின்றது. அந்த அமைதியில், என் மூச்சோடு அவருடைய மார்பு ஏறியிறங்குவதைப் பார்த்தேன். அடுத்த வரியைச் சொன்னேன், உயிர் வந்தது. நாடகம் முடிந்ததும் குழுச் செயலாளர் என் தோளைத் தட்டிச் சொன்னது: “கொசுவத்தி சூப்பர் சார். அந்த மாதிரி இன்னும் ரெண்டு எழுதிக் குடுங்க.”

திரைச்சீலை

மே மாதம் சவரிமுத்துவின் மனைவி லூர்து என்னைத் தேடி வந்தார். மகள் ரீட்டாவைப் பார்க்க மாங்காட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களாம். “ஊட்ல அவுரு வாயே தொறக்கறதில்ல சார். நீங்க திரைக்குப் பின்னாடி நின்னு எடுத்துக் குடுத்தீங்கன்னா நாலு வார்த்த பேசிடுவாரு. அப்பனுக்கு மூள கலங்கிப்போச்சுன்னு தெரிஞ்சா எம் பொண்ண யாரு எடுப்பா?” என்றார். தேர்வில் அடுத்தவனுக்கு விடை சொல்பவனைப் பெஞ்சின்மேல் ஏற்றிய நான், ஒப்புக்கொண்டேன்.

குமணன்சாவடியில் அவர்கள் வீடு. உள்ளறை வாசலில் பூப்போட்ட திரைச்சீலை. அதன் பின்னே நான். “எத்தினி வருசமா லேத்துல கீறீங்க?” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார். “பத்தொன்பது ஆண்டுகளாக” என்றேன். “பத்தொம்போது வருசமா நைனா” என்றார் சவரிமுத்து. எல்லாம் சரியாகவே போயிற்று. அப்போது மாப்பிள்ளையின் தாயார், “பொண்ணப் பத்தி அப்பா வாயால ஒரு வார்த்த கேக்கணும்” என்றார். ரீட்டாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் வரி இல்லை. சவரிமுத்து மெல்லத் திரும்பித் திரைச்சீலையைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது.

உள்ளறையில் எனக்குப் பின்னே இருந்த ரீட்டா, என்னை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றாள். திரையோடு வாய் வைத்துச் சொன்னாள். அடுத்த நொடி அவள் தகப்பனாரின் வாயிலிருந்து, ஏற்ற இறக்கம் எதுவுமின்றி அது வந்தது: “எங்கப்பாவுக்கு ஒண்ணும் நெனப்புல இல்ல. நாந்தான் அவரப் பாத்துக்கறேன். கட்டிக்கினு போனாலும் நான் வந்து பாத்துக்கணும்.”

மாப்பிள்ளையின் தகப்பனார் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நடிகராயிற்றே, வேடிக்கை செய்கிறார் என்று உடன் வந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்காதவர் மாப்பிள்ளையின் தாயார் ஒருவரே. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து அவர் சொன்னார்: “வந்ததுலேர்ந்து திரைக்குக் கீழ ஒரு ஆம்பளை காலு தெரியுது, இப்ப பொண்ணு கொலுசும் தெரியுது. ரெண்டு பேரும் வெளிய வாங்க, காபி ஆறிப்போவுது. பொண்ணு வாரத்துக்கு ஒருவாட்டி வந்து அப்பாவப் பாத்துக்கட்டும்.”

பிறகு

ஆகஸ்டில் திருமணம் நடந்தது. ரீட்டா சனிக்கிழமைதோறும் மாங்காட்டிலிருந்து வந்துபோனாள். சவரிமுத்து மேலும் நான்கு நாடகங்களில் நடித்தார். செயலாளருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. குழு கலைந்த பின் மாதம் ஒருமுறை சவரிமுத்துவைப் பார்க்கப் போவேன். கடைசியாகப் போனபோது, “நலமாக இருக்கிறீர்களா, சவரிமுத்து?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, என் குரலிலேயே, “நலமாக இருக்கிறீர்களா, சவரிமுத்து?” என்றார். ‘கீறீங்களா’ இல்லை, அவருடைய சென்னைத் தமிழ் முழுவதும் போயிருந்தது. அந்த ஆண்டு இறுதியில் தூக்கத்தில் காலமானார்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில், நான் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் ஒருவரைத் தேடினேன். கிடைத்தபோது பயந்து எழுந்து வந்துவிட்டேன்.