மாமாவின் காருக்குப் பெரிய சில்லு

என் மாமாவின் காரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் கொஞ்சம் குனிய வேண்டும். அவ்வளவு பதிவு, நிலத்தோடு ஒட்டின மாதிரி. கொழும்பில் அதை வைத்திருந்த ஒரு பணக்காரப் பெடியன், பந்தயக் கார் மாதிரி இருக்கட்டும் என்று காரைத் தாங்குகிற வில்லுத்தகடுகளில் பாதியைக் கழற்றி எறிந்துவிட்டானாம். அவனுக்கு அலுத்துப்போக, கார் பல கைகள் மாறி, கடைசியில் புங்குடுதீவில் எங்கள் பக்கத்து வளவில் வந்து நின்றது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அந்தக் காரை வாடகைக்கு ஓடித்தான் பிழைத்தார்.

ஊர்ப் பெடியள் காரை ஆமை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அதே பெயர். நான் ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது வருடமாக இருந்தபடியால் பெயர் பொருந்தவில்லை என்றும் வழக்காட முடியாது.

மாமிக்கு மட்டும் அந்தக் கார் உயிர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவரின் ஒரு முழங்கால் மடங்காமல் போய்விட்டது. பஸ்ஸில் ஏறுவதென்றால் கீழே ஒருவர் தள்ள வேண்டும், மேலே ஒருவர் இழுக்க வேண்டும். காரில் அந்தத் தொல்லை இல்லை. கதவைத் திறப்பார், திரும்பி நின்று பின்பக்கமாக இருக்கையில் இருப்பார், விறைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார், கதவைப் படாரென்று சாத்துவார். யாராவது கைகொடுக்கப் போனால், "விடுங்கோ, நான் என்ன பெட்டி படுக்கையே?" என்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் அப்படி ஏறித்தான் வேலணையில் இருந்த தன் தமக்கையிடம் போவார். பின் இருக்கையில் நான்.

வேலணைக்குப் போகும் தாம்போதி கடலை அறுத்துக்கொண்டு போகிற ரோட்டு. மாரியில் அலை அதன் மேலே ஏறிவிடும். உயரமான வான் வைத்திருந்தவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக, மாமா இந்தக் கரையில் நின்று சுருட்டுப் பற்றுவார். வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வருகிறவர்கள்கூடக் காரைக் குனிந்து பார்த்துவிட்டு வானைத் தேடிப் போனார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

"மாமா, பெரிய சில்லுப் போடுங்கோவன்."

"போட்டா?"

"கார் எழும்பும். பெடியளின்ர வாய் மூடும்."

எந்தச் சாமானும் வெளிநாட்டிலிருந்து வராத காலம் அது. யாழ்ப்பாணத்தில் அடிபட்டுக் கிடந்த ஒரு வானின் நாலு சில்லுகளை மாமா எப்படியோ டயரோடு கொண்டுவந்தார். பூவரசின் கீழே இரண்டு நாள் வேலை. வில்லுக்கு இரும்புக் கட்டை வைத்து உயர்த்தினார். அப்படியும் ஸ்டேரிங்கைத் திருப்பினால் சில்லு மட்காட்டில் உரசிக் கத்தியது. தகட்டின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடித்தார். பாரம் ஏறினால் உரசுமோ என்று பார்க்க, என்னையும் மூன்று மூட்டை நெல்லையும் ஏற்றிக்கொண்டு ஓடினார். நெல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் தலைதான் கூரையில் அடித்து வீங்கியது. ஆனால் கார் எழும்பி நின்றது! நான் நிமிர்ந்து நடந்தேன்.

சனிக்கிழமை மாமி கதவைத் திறந்து, திரும்பி நின்று, இருந்தார். இருக்கை அங்கே இல்லை. அது ஒரு சாண் மேலே போயிருந்தது. நல்ல காலின் நுனியில் எழும்பிப் பார்த்தார். எட்டவில்லை. மாமா ஒரு சோடாப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மடங்காத காலோடு அதில் ஏறவும் ஆள் பிடிக்க வேண்டும். கடைசியில் மாமா அவரின் கமக்கட்டுக்குள் கைகொடுத்துத் தூக்கி இருத்தினார். வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் பார்த்தன.

"மூட்டை ஏத்தியாச்சு, இனி எடுங்கோ" என்றார் மாமி.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் மட்டும்தான்.

அடுத்த சனி மாமிக்குத் தலையிடி. அதற்கடுத்த சனி தைக்கிறதற்குத் துணி கிடந்தது. மூன்றாம் சனி நான் காரணமே கேட்கவில்லை. ஓடிப்போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். வேலணையில் மாமியின் தமக்கை வாசலுக்கு வந்து காருக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்கையடா அவள்?"

"மாமிக்கு இப்ப காரில விருப்பமில்லை" என்றேன், அவர் தந்த பயித்தம் பணியாரத்தை மென்றுகொண்டு. மாமா இறங்கி வந்து, என் பக்கக் கதவைத் திறந்து, நிலத்திலிருந்து இருக்கைக்கு எத்தனை சாண் என்று அளந்து பார்த்தார்.

மாமாவுக்கு அந்த மாதம் நல்ல ஓட்டம். ஆனால் நாலாம் சனி விடியக் கார் பூவரசின் கீழே சில்லில்லாமல் நின்றது. கட்டைகளும் கழன்று கிடந்தன. மாமா பழைய சில்லை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

"உனக்கென்ன விசரே தம்பி? மாரி முடியேல்லை!"

"ஸ்டேரிங் இழுக்குதக்கா."

"நேற்று வரைக்கும் இழுக்கேல்லையோ?"

"இழுத்தது. நான் சொல்லேல்லை."

நானும் ஸ்டேரிங்தான் என்று நம்பினேன். "மாமா, பெடியள் சிரிப்பாங்கள்" என்று கெஞ்சினேன்.

"சிரிக்கட்டும். காசே, பணமே, போறதுக்கு?"

பின்னேரம் மாமியை யாரும் கூப்பிடவில்லை. அவரே வெளியே வந்தார், சேலை மாற்றிக்கொண்டு. மாமா மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். கதவு திறந்தது. கொஞ்ச நேரத்தில் படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

தாம்போதியில் பாதித் தூரம் போகக் கார் செத்தது. கதவுக்குக் கீழால் கடல் உள்ளே வந்தது. மாமியின் செருப்பு ஒன்று மிதந்து வந்து என் காலில் முட்டியது. பின்னால் வந்த பஸ் ஒதுங்கிப் போக, யன்னலில் என் வகுப்புப் பெடியன் ஒருவனின் பல்லு தெரிந்தது. நான் இருக்கைக்குள் ஒளித்தேன்.

மாமா இறங்கினார். "நீர் இரும், நான் தள்ளுறன்."

"ஏன், எனக்கு இறங்க ஏலாதோ?" மாமி கதவைத் திறந்து கால்களை வெளியே போட்டு, தண்ணீருக்குள் எழும்பி நின்றார். சேலை நனைந்தது. ஒரு கை கூரையில், மற்றக் கை கதவு நிலையில். மாமா பின்னால் நின்று தள்ளினார்.

"இஞ்சேருங்கோ, நான் காரைத் தள்ளுறனோ, கார் என்னைப் பிடிச்சுக்கொண்டு வருகுதோ?" என்றார் மாமி.

"ரெண்டும்தான்!"

மாமி சிரித்தார். மாமாவுக்கு அதைவிட மோசம். தள்ளுவதை விட்டுவிட்டு, காரின் முதுகில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பிறகு தள்ளினார். பிறகும் சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இஞ்சினுக்குள் உப்புத் தண்ணி போயாயிற்று, நல்ல சில்லு நாலு வீட்டில் சும்மா கிடக்கிறது, இதுகூட விளங்காமல் நடுக்கடலில் நின்று சிரிக்கிறார்களே, பெரிய ஆட்கள் இவ்வளவு மொக்கர்களா என்று நினைத்துக்கொண்டு, யாரும் காணாதபடி இன்னும் கீழே சரிந்தேன்.