ஒரே ஏரி, இரண்டு புகை

1960ஆம் ஆண்டு செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். மேற்கே மலைக்கு மேல் கறுத்த மேகம், இலை அசையாத புழுக்கம், அச்சில் தடவிய மசகும் மாட்டு வியர்வையும் ஏரிப் பாசியும் கலந்த ஒரு வாடை. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கைக்கடிகாரம் அன்று என் கையில் இருந்ததுதான். ஓட்டும்போது கயிறு உரசிக் கண்ணாடி கீறிவிடும் என்று கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார், பதினொரு வயதுப் பையனின் மணிக்கட்டில் நிற்காமல் அது முழங்கைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைக்கு மலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம், மாமா ஊர் ஊத்துக்கோட்டைக்குப் பக்கம். மாமா என்பது அம்மாவின் அண்ணன். இரண்டு குடும்பத்துக்கும் இரண்டிரண்டாக நாலு கூண்டு வண்டி, எட்டு மாடு, பதினேழு பேர். எங்களில் ஒன்பது, அவர்களில் எட்டு. சாமி கும்பிடுவது ஒன்று, இன்னொன்று என் அக்கா சரோஜாவை மாமா மகன் கோவிந்தனுக்குக் கொடுப்பதென்று பேசி முடித்திருந்ததால், தரிசனம் முடிந்ததும் மலையிலேயே தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அக்காவுக்கு வயது பதினேழு. தட்டுக்கு வேண்டிய மஞ்சளும் பாக்கும் புதுப் புடவையும் எங்கள் முன்வண்டியில் அம்மாவின் தலைமாட்டில் இருந்தன.

வழக்கமாகப் புத்தூர்ச் சத்திரத்தில் தங்குவோம். அந்த வருஷம் சத்திரத்தில் வாசல்வரை ஆள் படுத்திருந்தது. ஆகவே ஊரைத் தாண்டி, பாதையோரம் இருந்த ஏரியில் இறங்குவது என்று முடிவாயிற்று. ஏரியின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதில்தான் பேச்சு ஆரம்பித்தது.

கரை முடியும் இடத்தில், ரோட்டை ஒட்டி, நாலைந்து புளியமரங்களோடு ஒரு சரளை மேடு இருந்தது. நைனாவுக்கு அது பிடித்துவிட்டது. மழை வந்தாலும் தண்ணீர் நிற்காது, சக்கரம் இறங்காது, விடிந்ததும் பூட்டிக்கொண்டு நேரே ரோட்டில் ஏறலாம். மாமாவுக்கு எதிர்க்கரை பிடித்தது. தண்ணீர் ஓரம்வரை புல், மாடுகள் நின்ற இடத்திலேயே மேய்ந்து நின்ற இடத்திலேயே குடிக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. மாமா சென்னையில் பட்டாளத்துப் பழஞ்சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு கித்தான் கூடாரம் வாங்கி வந்திருந்தார். அதை எல்லோரும் ‘டேரா’ என்றோம். புறப்பட்ட புதன்கிழமையிலிருந்து அதை எங்கேயும் அடிக்க வாய்க்கவில்லை. பெண்பிள்ளைகள் வண்டிக்கடியில் படுக்காமல் ஒரு ராத்திரியாவது அதற்குள் படுக்கட்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சரளை மேட்டில் ஒரு முளையை அடித்துப் பார்த்தார்; நாலு அடியில் முளை இரண்டாகப் பிளந்தது. வண்டிக்குக் கெட்டித் தரை வேண்டும், கூடாரத்துக்கு இளகின தரை வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் அந்த ஏரியில் இல்லை.

அந்த ஏப்ரலில்தான் எல்லையை மாற்றிப் போட்டு, எங்கள் ஊர் ஆந்திராவுக்கு வந்திருந்தது, மாமா ஊர் சென்னை மாகாணத்திலேயே நின்றுவிட்டது. மாமா பிளந்த முளையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“நீ இப்ப ஆந்திராக்காரன் ஆய்ட்ட மச்சான். ஏரி உங்குளுது, ரோடு உங்குளுது. ஆனா மாடு என்னுது, அது சேத்த மெறிச்சாத்தான் தூங்கும்.”

நைனாவும் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார். “சக்கரம் எறங்கிப் போச்சின்னா என்னக் கூப்புடாத. உங்க கவர்மென்டுக்குத் தந்தி குடு.”

சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை என்பதை இந்த வயதிலும் வற்புறுத்திச் சொல்கிறேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி டேராவை அடித்து வைக்கிறேன், நீங்கள் ஆறவிட்டு வாருங்கள் என்கிற மாதிரி மாமா தம் இரண்டு வண்டியையும் ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போனார். சேற்றைப் பார்த்ததும் திரும்பி வருவார் என்று நைனா எங்கள் மாடுகளை அவிழ்த்தார். இரண்டு பேரும் மற்றவர் வருவார் என்று இருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைக்குப் போகிற வழியில் எத்தனை வண்டி சேர்ந்து போனாலும் அடுப்பு ஒன்றுதான். இறங்கின இடத்தில் வயதில் மூத்த பெண் மூன்று கல் வைப்பாள், எல்லா வண்டி அரிசியும் ஒரே குண்டானில் விழும். ‘அடுப்பு பிரிஞ்சிடுச்சி’ என்று எங்கள் ஊரில் சொன்னால், அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று பொருள்; அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

ஐந்து மணி ஆயிற்று, ஐந்தே கால் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், நிறுத்தும்படி நைனா அதட்டினார். எதிர்க்கரையில் டேரா வெள்ளையாக எழும்பிவிட்டது, ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள், ஒருவரும் இந்தப் பக்கம் வருகிற அடையாளம் இல்லை. அம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் பாதித் தண்ணீரைக்கூடத் தாண்டவில்லை. அப்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று கல் பொறுக்கி வைத்து, ஈரச் சுள்ளியும் வைக்கோலுமாகப் போட்டு நன்றாகப் புகைய விட்டாள். அடுப்பு மூட்டியாயிற்று, சோறு வேகிறது, வந்துவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். பதினேழு பேருக்கும் அளந்து அரிசி போட்டாள். நான் எண்ணினேன்.

எங்கள் புகை புளியமரத்துக்குமேல் ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் எதிர்க்கரையிலும் ஒரு புகை எழுந்தது.

அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்தாள். “அண்ணன் அடுப்பப் பிரிச்சிட்டாரு” என்றாள். அதை அவள் இரண்டு தடவை சொன்னாள்.

தான் ஒருத்தியாவது நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். ஏரியைச் சுற்றினால் முக்கால் மைல் இருக்கும். நைனா வேண்டாம் என்றார். “பிரிச்சது அவுங்க. நம்ப போயி நின்னா, பொண்ண எட்த்துக்கோன்னு கெஞ்சறா மாதிரி ஆய்டும்.” பெண்ணைப் பெற்றவர் சொன்ன வார்த்தை, அதை மீறி அம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா வண்டிக்குள் இருந்தாள். இந்தப் பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும், கூண்டுப் பாய்க்கும் எங்களுக்கும் இடையில் மூன்று முழம்கூட இல்லை. அவள் வெளியே வரவில்லை.

மழை பெய்யவில்லை. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல மழை அடித்திருந்தால் டேரா மிதந்திருக்கும், மாமா நனைந்துகொண்டு மேட்டுக்கு ஓடி வந்திருப்பார், நைனா துண்டை நீட்டியிருப்பார், எல்லாம் முடிந்திருக்கும்.

மறுநாள் விடிந்தபோது அம்மா மீந்த சோற்றை ஏரியில் மீனுக்குக் கொட்டினாள். அதே நேரத்தில் எதிர்க்கரையில் அத்தையும் ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிக் கவிழ்ப்பதைப் பார்த்தேன். எட்டுப் பேர் தின்ற பிறகு ஒரு குண்டானில் அவ்வளவு சோறு மிஞ்சாது. ஊரையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கும் அன்றைக்கு அந்தக் கணக்கு தட்டுப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, நைனாவும் மாமாவும் போய்ச் சேர்ந்த பிறகு, திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் அத்தையைத் தற்செயலாகப் பார்த்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்: “உங்களக் கூப்புடத்தான்டா கண்ணு பொகையப் போட்டோம். பார்த்தா நீங்க முன்னியே மூட்டிக்கினு இருக்கீங்க. உங்க மாமா அன்னிக்கிப் பச்சத் தண்ணிகூடக் குடிக்கல.”

மலையில் தட்டு மாறவில்லை. கோயில் வரிசையில் அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே நின்றார்கள், இடையில் முன்பின் தெரியாத நாற்பது பேர் இருந்தார்கள். அடுத்த வைகாசியில் கோவிந்தனுக்குத் திருவள்ளூர்ப் பக்கம் பெண் எடுத்தார்கள். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அக்காவைச் சந்திரகிரியில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர். மூன்று பிள்ளைகள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சாவுக்கும் வாழ்வுக்கும் இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று கூப்பிட்டதில்லை.

இந்தப் புரட்டாசியில் என் பிள்ளைகள் எல்லோரும் ஒரு ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்குவதென்று தீர்மானித்து, இடத்தைப் பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மகன் ஸ்ரீ சிட்டியில் வேலை, தடாவில் வீடு; அவன் படுக்கை, சமையல்கட்டு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ‘கேரவன்’ வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தான். பலமனேரில் இருக்கும் மகளும் மருமகனும் சொந்தமாகக் கூடாரமே வைத்திருக்கிறார்கள். எழுபத்தாறு வயதில், இரண்டு முழங்காலும் சொன்னபடி கேட்காமல், வாடகைக் கார் வைத்துக்கொண்டு நாலு ஏரியைப் பார்த்தேன். ஒன்றில் கொசு, ஒன்றில் குடிதண்ணீர் இல்லை, ஒன்றில் கக்கூசுக்கு நூற்றுப் பத்து அடி இருட்டில் நடக்க வேண்டும். போனில் மகன் சொன்னான்: “வண்டி மண்ணுல எறங்கிட்சின்னா கிரேன்தான் நைனா, ரோட்டோரமா பாருங்க.” மருமகன் சொன்னார்: “ரோட்டோரம் படுக்கறதுக்கு ஊட்லயே படுத்துக்கலாமே மாமா.” இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

கடைசியில் சந்திரகிரியைத் தாண்டி ஒரு தனியார் இடம் கிடைத்தது. கேரவன் நிற்கச் சிமெண்ட் தளம், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் முளை இறங்கும் மண், அதற்கப்பால் தண்ணீர். வாடகை மற்ற இடங்களைப்போல் இரண்டு மடங்கு. பேசாமல் எடுத்துக்கொண்டேன். அதோடு யாரிடமும் சொல்லாமல் இன்னொரு காரியமும் செய்தேன்: அவர்கள் அடித்துக் கொடுக்கும் கூடாரங்களில் இரண்டைக் கூடுதலாகப் பதிவு செய்தேன். கோவிந்தனுக்கும் அவர் பிள்ளைகளுக்கும். அவருக்கு எண்பத்துநாலு இருக்கும், அக்காவுக்கு எண்பத்திரண்டு. இன்னொரு புரட்டாசிக்கு யார் இருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஒரே அடுப்பில் ஆக்கி ஒருவேளை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

பணத்தைக் கட்டிவிட்டு, நாலு பேரிடம் விசாரித்து நம்பர் வாங்கிப் போன் செய்தேன். பேரன் எடுத்தான். “தாத்தா ஆடி மாசமே தவறிட்டாரே” என்றான். “நீங்க யாரு பேசறது?”

அந்தப் பையனுக்கு நான் என்ன உறவு என்று சொல்லத் தெரியாமல், தெரிந்தவர் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

குறித்த நாளில் அக்காவும் சேர எல்லோரும் வந்தார்கள். கேரவனுக்குள் ஒரு கேஸ் அடுப்பு, மகளின் கூடாரத்து முன்னால் ஒரு கேஸ் அடுப்பு, குழந்தைகளுக்கு ஆன்லைனில் வந்த சாப்பாடு. ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு தட்டில் சாப்பிட்டார்கள். புகை என்று ஒன்று எங்கேயும் எழும்பவில்லை. யார் அடுப்பை யார் எப்போது மூட்டினார்கள் என்று கவனிக்க ஆள் இல்லை, அதனால் மனம் நொந்துபோகவும் ஆள் இல்லை. வரும் வழியில் அந்தப் பழைய ஏரியைப் பார்த்திருந்தேன். சரளை மேட்டில் டயர் கடை, எதிர்க்கரையில் மனைக்கல்.

மாலையில் அக்காவும் நானும் தண்ணீர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டு கூடாரமும் ஏன் காலியாக நிற்கின்றன என்று கேட்டாள். நான் மறைக்கவில்லை. கோவிந்தனைக் கூப்பிட நினைத்தது, போன் செய்தது, பேரன் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்தைந்து வருஷத்தில் அந்தப் பெயரை அவள் எதிரில் நான் உச்சரித்தது அதுதான் முதல் தடவை.

அக்கா ஏரியைப் பார்த்தபடியே சொன்னாள்:

“எனக்குத் தெரியும் தம்பி. ஊத்துக்கோட்டலேந்து பொடவ விக்க வர்றவ சொன்னா. அன்னிக்கே தலைக்கு ஊத்திக்கினேன்.”

உறவு விட்டுப்போன வீட்டுச் சாவுக்கு எங்களில் யாரும் தலைக்கு ஊற்றிக்கொள்வதில்லை. குளிர்கிறது, உள்ளே போகலாம் என்று அவளே எழுந்தாள், கை கொடுத்தேன்.

ஆள் வராத கூடாரத்துக்குக் கேட்டால் பாதியாவது திருப்பிக் கொடுப்பார்கள் என்று மகன் சொன்னான். நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.