பாஞ்சோவுக்கு வைத்த நீள வால்

சாயங்காலம் காற்று திரும்பினால் எங்கள் அல்வால் வீட்டுக்குள் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிகளின் வாசனை வந்துவிடும். நேற்றும் வந்தது. மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் பதறிக்கொண்டு இறங்கி வந்து, "ஆன்ட்டி, கேஸ் லீக் ஆகுதா?" என்று கேட்டாள். 'இல்லையம்மா, இந்தப் பக்கத்துக் காற்றே அப்படித்தான்' என்று சொல்லியிருக்கலாம். புது ஆட்களிடம் எனக்கு நாக்கு எழும்பாது. தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை. அவள் ஓடிப்போய் சிலிண்டரை மூடிவிட்டாள்.

அந்த வாசனைக்கு எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் திறந்து வைப்பேன். என் வீட்டுக்காரர் சட்டையில் இருந்த வாசனை அது. அங்கே ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தார். எனக்குச் சொந்த அத்தை மகன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் படிப்போடும் இரண்டு டிரங்குப் பெட்டியோடும் இந்தத் தெலுங்கு ஊருக்கு அவர் பின்னால் வந்தவள் நான். கடைசிவரை அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். அவர் சட்டையைத் துவைக்குமுன் பையைத் தடவிப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சின்ன அரம் கையைக் கீறிவிடும். அரத்தோடு இரும்புத் தூளும் இருக்கும். அந்தத் தூளில் பாதி கம்பெனி வேலை, பாதி பாஞ்சோ வேலை.

பாஞ்சோ என்றதும் இங்கே பேண்டுக்காரர்கள் வாசிக்கிற, பொத்தான் வைத்த பெட்டியை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் அத்தானிடம் விட்டுவிட்டுப் போனது. போகுமுன் அந்த வீட்டுப் பெரியவரே உட்கார்ந்து வாசிக்கவும் காட்டிக்கொடுத்தார்.

அதன் கம்பிகள் கழுத்தோடு ஓடிவந்து, தோல்மேல் நிற்கிற ஒரு மரக் குதிரையில் ஏறி இறங்கி, விளிம்பில் இருக்கிற தகட்டில் மாட்டிக்கொள்ளும். டெயில்பீஸ் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு வால் என்று பேர். வந்தபோது இருந்தது குட்டையான வால். கம்பியைப் பிடித்துக்கொள்ளும், அமுக்காது. அதனால் சத்தம் மெத்தென்று இருக்கும், தட்டிய பிறகும் கொஞ்சம் நிற்கும். வீட்டு ஜெபக் கூட்டங்களில் பெண்கள் பாட்டுக்கு அடியில் அது பாய் விரித்தாற்போல் கிடக்கும். நான் வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் ரோஸ்லின் அக்கா முழங்கையால் இடிப்பாள். "ஏளா, உன் பாட்டு கர்த்தருக்கு மட்டுந்தான் கேக்குமோ? எங்களுக்கும் கொஞ்சம் போடு."

அந்தக் கூட்டம் ஒன்றில்தான் எங்கள் மகள் மெர்சி பாட்டு முடிந்தது தெரியாமல் கை தட்டிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும்தான் சிரித்தோம். அப்புறம் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. குக்கர் விசில் போட்டால் திரும்பவில்லை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. எண்ணெய் விட்டோம், ஜெபம் பண்ணினோம், பாதிரி ஐயர் தலையில் கை வைத்தார். கடைசியில் அத்தான் பிட்டர் மூளையோடு யோசித்தார்.

"சத்தம் மழுங்கிக் கெடக்குளா. அதான் உள்ள எறங்கமாட்டேங்குது. கூராக்கிட்டா எறங்கும்."

கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்டீல் தகட்டை அறுத்து, ராவி, ஒரு நீள வால் செய்தார். குதிரைக்குக் கிட்டே வரைக்கும் வரும். நடுவில் ஒரு திருகு. திருகைத் திருப்பினால் வால் தாழ்ந்து கம்பிகளைக் கீழே அமுக்கும், கம்பிகள் குதிரையை அமுக்கும், குதிரை தோலை அமுக்கும். சத்தம் விரைத்துக்கொண்டு வரும். சட்டென்று கடிக்கும், சட்டென்று நின்றுபோகும். பல் கூசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

தினம் சாயங்காலம் மெர்சியை வாசல் பக்கம் முகம் வைத்து உட்காரவைப்பார். பின்னால் நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு கம்பியைத் தட்டுவார். கேட்டால் கை தூக்கவேண்டும். அவள் டக்கென்று தூக்குவாள். அத்தான் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "கேக்கா பாத்தியா! இன்னும் கொஞ்சம் முறுக்குதேன்." திருகு ஏற ஏறத் தோல் குழிந்துபோனது. வீட்டுச் சொந்தக்காரம்மா, பேகம்மா என்போம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்: "நக்கோ ஜான் பாய், நக்கோ! கைக்கு அந்தக் கெட்டிலைப் போட்டு அடிக்கிறீங்க?" நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதுக்கு. அவரோடு பேசிப்பேசி எங்கள் தமிழும் அவர் தமிழும் அப்படித்தான் ஆகியிருந்தது. எங்கள் சபைக் கோயிலில் பாட்டு நடத்துகிற தேவசகாயம் சார் இன்னும் மோசம். "ஜான், இது சங்கீர்த்தனமா, பாத்திரக்கடையா?" அத்தான் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார். யாருக்காக முறுக்குகிறார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் பிள்ளைக்குச் செவிடு என்று பேர் நின்றுவிடும் என்று பயம்.

பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லி ஊருக்குள் காது பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டிவிட்டு ஏதேதோ சத்தம் விட்டுப் பார்த்தார்கள். மெர்சி கை தூக்கவே இல்லை. அத்தான் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, "தூக்கு மக்ளே, தூக்கு" என்று தன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து இரண்டு முறை தூக்கினாள்.

டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்கள்: "மேனரிகமா?" அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டிக்கொள்வதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான்தான் ஆமாம் என்றார். பிறகு டாக்டரம்மா சொன்னதை அவர் எனக்குத் தமிழில் சொன்னார். ஸ்பூன் விழுகிற சத்தம், குருவிச் சத்தம், விசில், இப்படிக் கூரான சத்தமெல்லாம் அவளுக்கு முதலிலேயே போய்விட்டது. தடியான, தாழ்ந்த அடிச் சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதுவும் போய்விடும். மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை.

 திரும்பும் பஸ் போவன்பள்ளி தாண்டும்போது அத்தான் சொன்னார். "இத்தன நாளும் அவளுக்கு எட்டாத எடத்துக்குல்லா சத்தத்தக் கொண்டுபோயிருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் நான் அவள் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அப்படியானால் தினம் எப்படிக் கை தூக்கினாள்? எதிரே பாத்திரம் அடுக்கிய கண்ணாடி அலமாரி. அதில் நாற்காலியும் அத்தானும் அத்தான் கையும் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளை அப்பாவின் விரலைப் பார்த்துக் கை தூக்கியிருக்கிறது. அவர் சந்தோஷப்படுகிறார் என்று தூக்கியிருக்கிறது.

 ஒரு போர்வையை எடுத்து அலமாரிக் கண்ணாடியை மூடிப் போட்டேன். அத்தான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். நீள வாலைக் கழற்றினார். பழைய குட்டை வாலைத் தேடி எடுத்து, முடிந்தமட்டும் உயர்த்தி மாட்டினார். குதிரையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். தடித்த கம்பியைச் சுருதி இறக்கி, நகம் படாமல் பெருவிரல் சதையால் தட்டினார்.

மெர்சி கை தூக்கவில்லை. தலையைத் திருப்பினாள்.

"யப்பா, பானைக்குள்ள இருந்து யாரோ பேசுதாங்க."

அத்தான் பாஞ்சோவைக் கட்டிக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸ் தாண்டியும் தினம் வாசித்தார். அவள் வந்து தோலின்மேல் கன்னத்தை வைத்துக்கொள்வாள். கோயிலில் தேவசகாயம் சார், "இப்பத்தான்டே மனுஷன் காது வெச்சுக் கேக்கலாம். இத முந்தியே செஞ்சா என்ன?" என்றார். அத்தான் அவரிடமும் சொல்லவில்லை.

மாங்காய் வருகிற காலத்தில் ஒருநாள் அவள் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. அத்தான் இன்னும் தளர்த்தினார். வாலுக்கும் ஓர் அளவு இருக்கிறதல்லவா, அதற்குமேல் தளர்த்தினால் கம்பிக்குக் குதிரையில் பிடிப்பு இல்லை. கடகடவென்று உதறும், குதிரை சாய்ந்து விழும். விழுந்தது. நிறுத்தி வைத்தார், விழுந்தது. பிறகு பாஞ்சோவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு மழைக்காலத்தில் தோல் தானாகவே கிழிந்தது.

அத்தான் போய்விட்டார். பேகம்மா வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு இப்போது போனிலேயே பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். மெர்சிக்குத் தலை நரைத்துவிட்டது. காது கேளாதவர்களுக்கான தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கும் அவளுக்கும் கைப்பேச்சுத்தான். வாய் பேசப் பயந்தவளுக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் துணி மடிக்கும்போது அவளிடம் கேட்டேன்: அப்பா வாசித்தது ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது என்றாள். அப்பாவின் பெருவிரல், கன்னத்தில் தோல் அதிர்ந்தது, சட்டை வாசனை, எல்லாம் சொன்னாள். சத்தம்? என்றேன். யோசித்தாள். கையை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள்.

அவளுக்காக நானாவது அதை வைத்திருக்கவேண்டும் இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்க்கிறேன். மெத்தென்ற அந்தச் சத்தம் வரவே மாட்டேன் என்கிறது. நீள வால் போட்டு முறுக்கிய சத்தம்தான் வருகிறது, பல் கூசுகிறது. என் பிள்ளை ஒருநாளும் கேட்காத சத்தம் அது.