தலைமாடு மாறிய கட்டில்

அந்த வீட்டைக் கட்டியவர்மீது எனக்குக் கோபம் உண்டு. கதவுப் பிடி, படிக்கட்டுக் கம்பி, மேசைக் கால், சுவரோடு சேர்ந்த அலுமாரி என்று ஒன்று விடாமல் இலையும் கொடியுமாகச் செதுக்கிவைத்திருக்கிறார். தூசி தட்டுகிற வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தால் பாதியிலேயே கையை எடுத்திருப்பார். இத்தாலிய நகரம் ஒன்றில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த பழைய வில்லா அது. நான் கவனித்துக்கொள்ளும் முதிய வீட்டம்மா சினியோராவின் கணவருடைய தாத்தா இங்கிலாந்தில் கைவேலையால் ஆன வீடுகளைப் பார்த்து மயங்கி வந்து, அதேபோல் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கட்டுவித்ததாம். இயந்திரத்தில் செய்த ஒரு சாமானும் உள்ளே வரக் கூடாது என்பது அவருடைய கட்டளை. என் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அது அழகான வீடு. படிக்கட்டுத் திருப்பத்தில் நிறக் கண்ணாடி வழியே பின்னேர வெயில் இறங்கும்போது, கையில் துணியோடு அப்படியே நின்றுவிடுவேன். இருக்கைகள்கூடச் சுவரோடு பொருத்தியவை. எங்கே உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது. மருமகளாக வந்த சினியோரா அங்கே ஒரு படத்தைக்கூட இடம் மாற்றியதில்லை.

முழங்கால் கைவிட்ட பிறகு அவரைக் கீழ்த்தளத்து மூலை அறைக்கு இறக்கினோம். அங்கே கட்டிலும் சுவரோடு சேர்ந்ததுதான். பழைமையான வீடு என்று சட்டம் காப்பதால் ஓர் ஆணியைக்கூட அசைக்க முடியாது. ஆளுயரத் தலைப்பலகையில் தலைவைத்துப் படுத்தால் எதிரே அகன்ற ஜன்னல், அதற்கப்பால் எலுமிச்சை மரங்கள். கண் விழிப்பவர் பச்சையில் விழிக்கட்டும் என்று கட்டியவர் நினைத்திருக்கிறார். நல்ல நினைப்புத்தான். ஆனால் சினியோராவுக்கு அந்தக் கட்டிலில் நித்திரையே வரவில்லை. சற்றுக் கண்ணயர்ந்தாலும் "யார், யார்?" என்று கத்திக்கொண்டு எழும்புவார். மிலானில் இருக்கும் மகன் கேட்டுக் கேட்டுச் சலித்து, கடைசியில் முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். சினியோரா தட்டைத் தள்ளிவைத்தார். எனக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வாரம் முழுவதும் நான் அங்கேயே தங்குவேன். ஞாயிறு மட்டும்தான் அதே நகரில் ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் எங்கள் வீடு. அந்த ஞாயிறு கணவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"கட்டில் எந்தப் பக்கம் தலைமாடு?" என்று கேட்டார்.

"கடல் பக்கம்."

"அப்ப வடக்கெல்லே. வடக்கை தலை வைச்சுப் படுத்தா மனிசருக்கு நித்திரை வருமோ? திருப்பிப் படுக்க விடும்."

"ஓம், எனக்கு இது தோணேல்லைப் பாருங்கோ."

நாங்கள் இருவரும் பருத்தித்துறைக்காரர். எங்களுக்குக் கடல் என்றால் வடக்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். எங்கள் ஊர் வழக்கம் இது, ஒருமுறை படுத்துப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் கெஞ்சினேன். சினியோரா சிரித்துக்கொண்டே இணங்கினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் கோப்பி நேரம் தாண்டியும் எழும்பவில்லை. மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுவதும் கத்தாமல் தூங்கினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகன் வந்தார். தலைப்பலகைப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருக்கும் தாயைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. நான் வடக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகத் தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார். வடக்கு மலைப் பக்கம் இருந்தது. தலைப்பலகை இருந்தது கிழக்கில். எங்கள் வழக்கத்தில் உத்தமமான திசையிலிருந்து அந்த மனுஷியை நான் மேற்குக்கு மாற்றியிருக்கிறேன். சூரியன் எங்கே உதிக்கிறது என்று ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன்.

"தலையணையைப் பழையபடி வையுங்கள்" என்றார் என்னிடம். பிறகு தாயிடம், பெட்டியை அடுக்கலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றார் சினியோரா. இத்தாலியத்தில் அவர் சொன்னது என் காதில் எங்கள் தமிழாகவே விழுந்தது. "எனக்கு வடக்கும் தெரியாது, கிழக்கும் தெரியாது. அந்தப் பக்கம் படுத்தா கதவு பின்னாலை. காலடிச் சத்தம் கேக்கும், ஆர் வருகினம் எண்டு தெரியாது. திரும்பிப் பாக்கவும் ஏலாது. பயந்து செத்தன்."

நிமிர்ந்து பார்த்தேன். தலைப்பலகை இருந்த அதே சுவரில், சற்று விலகி, கதவு. தினமும் துடைக்கிற கதவுதான். ஜன்னலைப் பற்றி அவ்வளவு யோசித்த கட்டிடக்காரர், தானாகப் புரண்டு படுக்க முடியாத ஒருத்தி அங்கே கிடப்பாள் என்று யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"இப்ப தோட்டம் தெரியாதே, அம்மா" என்றார் மகன்.

"தோட்டம் எங்கையும் போகாது. நீ வந்தா எனக்குத் தெரியவேணும். இந்தக் கதவைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகன் அறையை விட்டுப் போனார். கூடத்திலிருந்து முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, இடம் வேண்டாம் என்று அவர் சொல்வது கேட்டது. அவர் திரும்பி உள்ளே வந்தபோது, சினியோரா படுத்தபடியே அவர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.