மூன்று கண்ணாடிச் சட்டங்களும் ஒரு வேலப்பனும்

தேயிலைத் தோட்டத்தின் நிர்வாகம் பதினோரு வருடமாக வேலப்பனின் கால்களில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ், ஃபேக்டரி, தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயம் என மூன்று இடங்களில் கண்ணாடிச் சட்டம் போட்ட அறிவிப்புப் பலகைகள். ஆபீஸ் சட்டத்தில் ஒரு தாள் மாறினால் மற்ற இரண்டிலும் அது உடனே மாறியாக வேண்டும். இந்த மகத்தான பொறுப்பை உத்தேசித்து அவனுக்கு ஒரு சாவிக்கொத்தும் ஒரு டப்பா பசையும் வழங்கப்பட்டிருந்தன.

1979இல் பக்கத்து ஊரான திரிங்காப்பைச் சேர்ந்த சீன முதலாளி ஒருவர் காய்கறி லோரி ஓட்ட அவனைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை வரவேண்டும், தவறினால் வேறு ஆள். மலையிறங்கி ஈப்போ நகரம்வரை போய்வரும் வேலை! வேலப்பன் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தான்.

ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பழனியப்பன் அதை இரண்டுமுறை படித்தார். "போலாம்லா, யாரு வேணாம்னா? மூணு சட்டத்துலயும் ஒரே சேதி இருக்கணும். பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன். போன மாசக் கூத்து மறந்துபோச்சா?"

மறக்குமா? வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டு ஆறு மணிக்கென்று ஆபீஸ் சட்டம் சொல்ல, மேட்டு லயத்துச் சட்டம் ஆறரை என்றது. பேர் கூப்பிட்டு முடிந்தபின் வந்த முப்பது பேரையும் தோட்ட நிர்வாகியான துரை திருப்பி அனுப்பினார். அன்று மேட்டு லயத்தில் வேலப்பனின் முன்னோர்கள் அனைவரும் விரிவாக நினைவுகூரப்பட்டார்கள்.

வியாழக்கிழமை மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு மூச்சிரைக்க ஆபீஸுக்கு வந்தான். அதற்குள் துரை மருந்தடிக்கும் நாளை மாற்றியிருந்தார். கிராணியே புதுத் தாளை ஒட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை அதை மேட்டில் ஒட்டிவிட்டு இறங்குவதற்குள் குழாய்த் தண்ணீர் நேரம் மாறியது. சனிக்கிழமை பழையபடி ஏறினான்.

மேட்டு லயத்து ருக்குமணி சிரித்தாள். "அண்ணே, நீங்க மேல வந்தா கீழ மாறுது, கீழ போனா மேல பழசாவுது. பேசாம சட்டத்துக்குள்ளயே நின்னுக்குங்களேன்!"

"பூட்டு வெளிய இருக்கே, தங்கச்சி."

அன்றிரவு கொட்டிய மழை ஞாயிறு மாலைதான் விட்டது. வந்தது ஒரே ஒரு தாள். வேலப்பன் அதைத் தன் கையாலேயே மூன்று சட்டங்களிலும் ஒட்டினான். வேறெதுவும் மாறவில்லை. கிராணி மேடுவரை ஏறிப் பார்த்துவிட்டு, "மூணும் ஒண்ணு! இனிமே உன்னை யாரும் கட்டிவைக்க முடியாது" என்று கையெழுத்திட்டார்.

மூன்று சட்டங்களிலும் ஒரே சேதி: "மண்சரிவு. சாலையும் குறுக்குப் பாதையும் அடைபட்டுள்ளன. மறு அறிவிப்பு வரும்வரை யாரும் தோட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது."

புதன்கிழமை பாதை திறந்தது. திங்கட்கிழமையே லோரிக்கு ஆள் கிடைத்துவிட்டதாகத் தகவலும் வந்தது. பழனியப்பன் பெருந்தன்மையோடு ராஜினாமாவைக் கிழித்தார்.

"மறு அறிவிப்பு ஒட்டணுமே, வேலப்பா."

பாதை திறந்துவிட்டது, எல்லோரும் போகலாம் என்ற தாளை எடுத்துக்கொண்டு வேலப்பன் மேட்டு லயத்துக்கு ஏறினான்.