மரத்த விரல்களும் ஒரு பனெட்டோனேயும்

குர்தாவின் பொத்தானைப் போட முடியாமல் போனதுதான் ஆரம்பம். மூன்றாவது கீமோவுக்குப் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் புற்றுநோய் மருந்து) பிறகு ஒரு காலை, குனிந்து பார்த்தேன். விரல்கள் பொத்தானைப் பிடித்திருந்தன. பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை.

நியூரோபதி (நரம்பு பாதிப்பால் மரத்துப்போதல்) என்றார் டாக்டர். மருந்தின் அளவைக் குறைத்தார்.

"உணர்ச்சி திரும்பி வருமா?" என்று கேட்டேன்.

"பலருக்கு வரும். எவ்வளவு, எப்போது என்று என்னால் சொல்ல முடியாது."

மார்பகத்தில் வந்த கட்டியைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். கட்டி கண்ணில் படுவதில்லை. கைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

பனெட்டோனே, இத்தாலியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் உயரமான இனிப்பு ரொட்டி. என் கணவர் முரளி மிலானில் வேலைபார்த்தபோதுதான் எங்கள் மகள் யாழினி பிறந்தாள். அவளுடைய முதல் டிசம்பரில் தொடங்கிய வழக்கம், டெக்ஸஸில் சுகர் லேண்டுக்கு வந்தும் விடவில்லை. ஆரஞ்சுத் தோலோடு கொஞ்சம் ஏலக்காயும் போடுவோம்; இத்தாலியர்கள் மன்னிக்கட்டும். மாவின் பதத்தை நான் கையால்தான் அறிவேன். மெஷினை நம்பியதில்லை.

சிகிச்சை முடிந்த அந்த டிசம்பரில், "இந்த வருஷம் கடைல வாங்கிக்கலாமே" என்றார் முரளி.

"நான் இன்னும் சாகல!" என்று கத்திவிட்டேன். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார்.

பிசைந்தேன். ஒட்டுகிறதா, இழுபடுகிறதா, ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக நிறுத்தினேன். இட்லி மாவை வைப்பதுபோல், இளஞ்சூட்டில் பொங்கட்டும் என்று விளக்கை மட்டும் போட்டு ஓவனுக்குள் வைத்தார் முரளி. அப்படி வைத்தால், உள்ளே மாவு இருக்கிறது என்று ஓவன் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எப்போதும் ஒட்டுவது நான். அன்று யாரும் ஒட்டவில்லை. யாழினி பீட்சாவுக்காக ஓவனை நானூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் போட்டாள்.

மாவுப் பாத்திரத்தின் பிளாஸ்டிக் மூடி உருகி மாவோடு ஒன்றாகிவிட்டது. "அம்மா, ஐ ஆம் ஸோ சாரி" என்று அவள் அழுதாள். நானும் அழுதேன். மாவு போனதற்காக இல்லை. மறுபடி பிசைய இந்தக் கைகளை நம்பவே முடியாது என்று தோன்றிவிட்டது.

முரளி சட்டைக் கையை மடித்தார். "நான் பிசையறேன். நீ பாத்து சொல்லு."

சப்பாத்தி மாவுகூடப் பிசைந்தறியாத மனிதர்.

"ஒட்டுதா?"

"பசை மாதிரி ஒட்டுது."

"இன்னும் பிசைங்க."

கால் மணி நேரம் போனது. "ஏய், இப்ப கைய விட்டு வருது!" என்றார். அந்த நேரத்தில் மாவின் மேலே வந்த பளபளப்பைப் பார்த்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருடங்களில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

வெந்ததும் பனெட்டோனேயைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அமுங்கிவிடும். அதற்காக அடியில் கம்பி குத்தும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாவது கம்பியைச் செருகும்போது வலது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது.

"ஐயோ!"

"என்னாச்சு? சுட்டுக்கிட்டியா?" முரளி ஓடி வந்தார்.

"குத்திடுச்சுங்க. வலிக்குது." சொல்லும்போதே எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நிஜமாவே வலிக்குதுங்க!"

உங்களுக்கும் விரல்கள் மரத்துப்போனால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். நான் இரண்டு வாரம் மறைத்தேன், அது மடத்தனம்.

முன்பு ஸ்கேன் தேதிகளை வைத்து நாட்களை எண்ணினேன். இப்போது காலையில் எழுந்ததும் ஒவ்வொரு விரலாகக் கிள்ளிப் பார்க்கிறேன். பல விரல்கள் இன்னும் தூங்குகின்றன. நேற்று கட்டைவிரலில் லேசாக வலித்தது.