ராணியின் கண்ணீர்

1946 மார்ச் 9, சனிக்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உளிகளைத் தீட்டி வைத்தேன். நான் வடிவமைத்த பொம்மைகளுக்கு அன்று மாலை பொம்மலாட்டக் கொட்டகையில் முதல் ஆட்டம். கதையில் மகனைப் பறிகொடுக்கும் ராணியின் கன்னத்தில் இரண்டு துளிக் கண்ணீரைச் செதுக்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை.

மதியம் ஒத்திகை. முதல் காட்சியே ராணியின் கல்யாணம். பொம்மையாட்டும் ஏகாம்பரம் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, தாலி கட்டும்போதே பொண்ணு அழுதுகினு கீது? மாப்பிள்ளை அவ்ளோ மோசமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டம் கெட்டால் குழுவினர் என்னை மறுபடி கூப்பிட மாட்டார்கள். வேறு தலை செதுக்கவும் நேரமில்லை. கண்ணீரைச் சீவி எடுத்து வர்ணம் பூசினேன். முகம் எதையும் சொல்லாமல் நின்றது.

மாலையில் மகன் இறந்த காட்சி. ஏகாம்பரம் ராணியின் தலையை மெல்லச் சாய்த்து, கையை அந்தச் சின்ன உடல்மேல் வைத்து, அப்படியே நிறுத்தினார். கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் சாந்தோம் டீச்சரம்மா ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ராணி கண்ணுல தண்ணி வந்துச்சே சார், அத எப்படி வச்சீங்க?"

பொம்மையை அவர் கையில் கொடுத்தேன். உலர்ந்த கன்னத்தை அவர் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார்.

நானே அழுது வைத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு என்ன மிச்சம் என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாள் காலை முதல் வேலையாக, கோமாளியின் உதட்டில் செதுக்கியிருந்த சிரிப்பைச் சீவி எடுத்தேன்.